பயிற்சிப் பட்டியல் யார் கையில்?

(திருவொற்றியூரில் இளைஞர்கள் நடத்தும் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழிற்சங்கமும் திறன் மேம்பாடும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். திறன் மேம்பாடு என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். அமைச்சர் பேசும் மேடை, பேருந்தின் முதுகில் விளம்பரம், மூன்று மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு எடுத்துக்கொள்ளும் குழுப் படம், இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தத் தொழிற்பகுதியில் அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய சண்டை கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

'வேலை இருக்கிறது, நம் பையன்களுக்குத் திறன் இல்லை' என்று தொழிலதிபர்கள் சொல்கிறார்கள், அரசும் சொல்கிறது, நம் வீட்டுப் பெரியவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். ஒருவருக்குத் திறன் இல்லை என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. அவருக்கு யார் கற்றுத்தரவில்லை? அவரைக் கற்றுக்கொள்ள யார் விடவில்லை?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மேஸ்திரியின் கையிலும் சூப்பர்வைசரின் கையிலும் இருக்கும்வரை சாதி அங்கே சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த அதிகாரத்தை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியலாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டவைப்பது சங்கத்தின் கடமை. கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் சற்றும் குறையாத கடமை அது.

தொழிற்சாலையில் வேலை எப்படிக் கற்கப்படுகிறது என்று பாருங்கள். ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படித்து வந்தவருக்குக்கூடப் பாதி வேலை பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வருகிறது. சீனியர் ஆபரேட்டர் டீ குடிக்கப் போகும்போது 'கொஞ்சம் பார்த்துக்கோப்பா' என்று மெஷினை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறார்? முதலில் எண்ணெய் கேன், பிறகு ஸ்பேனர், ஒருநாள் செட்டிங்கும் காட்டித்தருகிறார். யாருக்கு? ஊர்க்காரப் பையனுக்கு, மச்சானுக்கு, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து போகிறவருக்கு. கல்யாணமும் குடியிருப்பும் சாதிப்படி நடக்கும் சமூகத்தில் 'பக்கத்தில் நிற்பது' என்பதும் சாதிப்படிதான் நடக்கும். யாரும் யாரையும் வைய வேண்டியதில்லை. கூப்பிடாமல் இருந்தாலே போதும்.

என் அப்பா இந்தப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஹெல்பராக இருந்தார். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். ஆபரேட்டர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆனால் அட்டையில் அவர் கடைசிவரை ஹெல்பர்தான். கம்ப்யூட்டர் வைத்த புது மெஷின்கள் வந்தபோது சிலரை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். யார் போவது என்று சூப்பர்வைசர் அறைக்குள் முடிவானது. போனவர்கள் திரும்பி வந்து கிரேடு உயர்ந்தார்கள். அப்பாவும் எங்கள் தெருவிலிருந்து போன மற்றவர்களும் அந்த மெஷினைத் துடைத்தார்கள். அங்கே வலுவான சங்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் சம்பளம், பஞ்சப்படி, கேன்டீன், சீருடை எல்லாம் இருந்தன. பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைத்த பிரிவு நெசவு. அதில் தலித்துகளுக்கு இடமில்லை. காரணம் என்ன தெரியுமா? நாடாவில் புது நூல் மாட்டும்போது அதன் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித்தின் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொட மாட்டார். அதனால் தலித்துகள் கூலி குறைந்த பிரிவுகளிலேயே நின்றார்கள். தறி ஓட்டும் திறன் அவர்களுக்கு 'இல்லாமல்' போனது இப்படித்தான். 1928 பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவின் கதவைத் திறப்பதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று பாபாசாகேப் அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். அவர்கள் மனமுவந்து ஏற்கவில்லை. வர்க்க ஒற்றுமை குலையும் என்ற தயக்கம் அவர்களுக்கு. ஒற்றுமையைக் குலைத்துவைத்திருந்தது எது என்று அவர்கள் பார்க்கவில்லை.

பத்து வருடம் கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இதையே பேசினார். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேரும் தலித் கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார். போர்ட்டராகக்கூட முடியாது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருக்கும், அந்த வீட்டுக்குள் தலித் நுழைய முடியாது. தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என்று அவர் சொன்னது இந்த மாநாட்டில்தான். அந்த வாக்கியத்தை நாம் சுவரில் எழுதுகிறோம். அதற்குப் பின்னால் பதவி உயர்வு, பயிற்சி, பிரிவு மாற்றம் என்ற மிகச் சாதாரணமான விவரங்கள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் ஊருக்கு வருவோம். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. ஆகியோரின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொற்பொழிவு கேட்கக் கூடிய சபையிலிருந்து வளர்ந்த சங்கம் அது. வாடியாவின் ஆங்கிலப் பேச்சு தமிழாக்கப்பட்டுத் தொழிலாளர்களைச் சென்று சேர்ந்தது. சட்டம், வேலை நேரம், உரிமை என்ற சொற்களை ஆலைத் தொழிலாளி தன் மொழியில் கேட்ட வகுப்பறை என்றே அந்தக் கூட்டங்களைச் சொல்லலாம். வடசென்னையில் சங்கம் பிறந்தபோதே கல்வியும் கூடப் பிறந்தது.

ஆனால் மூன்றே வருடத்தில் அந்த வகுப்பறையின் சுவர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். கையிருப்பு இல்லாதவர்கள், கடனில் இருந்தவர்கள், சங்கத்தில் தங்கள் குரலுக்கு என்ன இடம் என்று தெரியாதவர்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி.ராஜா அந்த மக்களுக்காகப் பேசினார். அவர்களை நகரத்தைவிட்டே அகற்றலாம் என்ற பேச்சும் அன்றைய தலைவர்களிடமிருந்து வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை 'கருங்காலி' என்ற சொல்லால் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தன் கூட்டத்தில் எல்லோரையும் சமமாக உட்காரவைத்துக் கற்றுத்தராத சங்கம், நெருக்கடி வரும்போது எல்லோரும் கூட நிற்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கும்?

அப்படியானால் மாற்று வழி ஏதும் நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. இராயபுரத்தை ஒட்டியே நடந்திருக்கிறது.

துறைமுகத்தில் முன்பெல்லாம் கப்பல் வந்தால் ஸ்டீவடோர் கம்பெனியின் மேஸ்திரி ஆள் பொறுக்குவார். அவர் விரல் யாரை நோக்கி நீளுகிறதோ அவருக்கு அன்றைக்கு வேலை. மூட்டை தூக்குவதிலிருந்து வின்ச் ஓட்டுவதற்கோ சிக்னல் கொடுப்பதற்கோ போக வேண்டுமென்றாலும் அதே விரல்தான் வழிவிட வேண்டும். 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1950களில் சென்னை உட்படப் பெரிய துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் செயல்படத் தொடங்கின. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என மூன்று தரப்பும் உட்கார்ந்த வாரியம். தொழிலாளர் பெயர் பதிவேட்டில் ஏறியது. வேலை முறைப்படி சுற்றி வந்தது. வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி உறுதியானது. இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். தொழிலாளரின் பயிற்சிக்கும் நலனுக்கும் திட்டத்தில் வழிசெய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதாவது, கற்றுத்தருவது மேஸ்திரியின் தயவிலிருந்து மூன்று தரப்பும் பேசும் மேசைக்கு வந்தது.

அந்த மேசைக்குப் பின்னால் சங்கங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1947 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை வழிநடத்திய எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை பிறகு துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலும் தலைவராக இருந்தார். 1957இல் வடசென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இந்தப் பதிவேடு சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டுக்குள் நுழைய முடியாத கூலிகள் எப்போதும் வெளியே நின்றார்கள். ஆனால் விரலுக்கும் பதிவேட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விரலிடம் நீங்கள் விளக்கம் கேட்க முடியாது. பதிவேட்டில் என் பெயர் ஏன் கீழே போனது என்று கேட்கலாம், சண்டை போடலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

பிறகு கன்டெய்னர் வந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ஒரு கேங் முழுக்க நாள் பூராவும் இறக்கிய சரக்கைக் கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சில நிமிடங்களில் இறக்கினார். உலகம் முழுக்க இது நடந்துகொண்டிருந்ததால்தான் 1973இலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு துறைமுக வேலைக்கென்று தனி உடன்படிக்கை கொண்டுவந்து, அதில் தொழிற்பயிற்சியையும் சேர்த்தது. நம் நாட்டில் வேறு திசையில் போனார்கள். 1997இல் வந்த சட்டம், வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழிசெய்தது. சென்னை வாரியமும் இணைக்கப்பட்டது. 2001இல் கன்டெய்னர் முனையம் தனியாரிடம் போனது. கிரேன் கேபினுக்குள் யார் ஏறுவது என்ற கேள்வி மூன்று தரப்பு மேசையைவிட்டு மறுபடியும் ஒரு மூடிய அறைக்குள் போய்விட்டது.

இன்றைய நிலைமை இன்னும் சிக்கலானது. இந்தப் பகுதியில் உங்களில் பலர் அப்ரண்டிஸாகவோ டிரெய்னியாகவோ இருந்திருப்பீர்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பயிலுநர் தொழிலாளர் ஆக மாட்டார் என்கிறது. தமிழ்நாட்டில் 1981இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கில் வராமல் இருக்கப் 'பயிற்சி' என்ற பெயர் முதலாளிக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். நீங்கள் உற்பத்தி செய்கிறீர்கள், பெயர் மட்டும் பயிற்சி. கற்றுக்கொள்வது என்ற நல்ல சொல்லே நமக்கு எதிரான கருவியாகிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் 'மறுதிறன் நிதி' என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி செலுத்த வேண்டும், 45 நாளுக்குள் அது அவர் கணக்கில் சேர வேண்டும். வெளியே அனுப்பிய பிறகு கற்றுக்கொள்ளப் பணம். பத்து வருடம் உள்ளே இருந்தபோது கற்றுக்கொடுத்திருந்தால் அவர் வெளியே போயிருக்கவே தேவையில்லையே!

இன்னொரு பக்கம் 'திறனற்றவர்' என்ற முத்திரை. 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துப் போராடியவர்கள். பெரும்பாலும் தலித்துகள், பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன குப்பை வரும், எது கையை வெட்டும், எது தீப்பிடிக்கும், எதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இதற்குப் பெயர் அறிவு. ஊதியச் சட்டமோ தொழிலாளரைத் திறனற்றவர், பகுதித் திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என்று பிரித்து, அதைப் பார்த்தே குறைந்தபட்சக் கூலியை வைக்கிறது. குப்பை அள்ளுவது ஏன் முதல் கட்டத்திலேயே நிற்கிறது? வேலையின் கடினத்தைப் பார்த்தா, அதைச் செய்யும் கைகளின் சாதியைப் பார்த்தா? திறன் என்பது கையில் இருப்பது மட்டுமில்லை, காகிதத்தில் யாரோ எழுதுவதும்கூட. அந்தக் காகிதத்தை எழுதும் இடத்தில் நம் சங்கம் இருக்க வேண்டும்.

சங்கத் தோழர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு பதில் வருகிறது. முதல் பதில்: 'பயிற்சி நிர்வாகத்தின் வேலை. அதில் தலையிட்டால் உற்பத்தியைக் கூட்டி ஆளைக் குறைப்பார்கள்.' பயம் நியாயமானது. ஆனால் சங்கம் விலகி நின்ற இடங்களிலும் புது மெஷின் வந்துதான் இருக்கிறது, ஆளும் குறைந்துதான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு வேண்டியவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

இரண்டாவது பதில்: 'பட்டியல் போட்டால் தகுதி கெட்டுப்போகும்.' இந்த வாதத்தை நாம் கல்லூரி வாசலிலும் கேட்டிருக்கிறோம். மூடிய அறையில் எடுத்த முடிவுதான் தகுதியைப் பார்த்து எடுத்தது என்றால் அதைத் திறந்துகாட்டுவதில் என்ன தயக்கம்? சர்வீஸுக்கு இத்தனை மதிப்பெண், செய்முறைத் தேர்வுக்கு இத்தனை மதிப்பெண் என்று வெளியே ஒட்டுங்கள். தகுதி தானே தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1998இல் சங்கங்கள் வழியாகத் தொழிலாளர் கல்விக்கு அரசு நிதி வந்தது. 2003 முதல் ஒவ்வொரு இடத்திலும் சங்கம் தேர்ந்தெடுக்கும் 'கற்றல் பிரதிநிதி'க்கு, வேலை நேரத்திலேயே அந்தப் பணியைச் செய்யச் சட்ட உரிமை கிடைத்தது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறேன் என்று மேலாளரிடம் சொல்லக் கூச்சப்படும் ஒருவர், கூட வேலை செய்பவரிடம் சொல்வார். அதுதான் அந்த ஏற்பாட்டின் பலம். 2021இல் இங்கிலாந்தில் அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது. அரசுப் பணத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்ற பாடமும் அதில் இருக்கிறது.

நாம் என்ன கேட்கலாம்?

ஒன்று, நிர்வாகத்தோடு போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பயிற்சிக்கு ஒரு பிரிவு. யார், எந்த அளவுகோலில், எப்போது என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். பயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

இரண்டு, பல வருடம் வேலை பார்த்து அறிவு சேர்த்த ஹெல்பர்களுக்கு அந்த அறிவுக்கான சான்றிதழ். முன் கற்றலை அங்கீகரிக்கும் திட்டம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சான்றிதழோடு கிரேடும் உயர வேண்டும். கிரேடு உயராத சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டத்தான் முடியும்.

மூன்று, கான்ட்ராக்ட் தொழிலாளரும் அப்ரண்டிஸும் அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி தமிழில் வேண்டும், ஒடியாவிலும் இந்தியிலும்கூட வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது வேலை செய்பவருக்கும் வேண்டும், வேலிக்கு வெளியே குடியிருப்பவருக்கும் வேண்டும்.

நான்கு, அப்ரண்டிஸ் சட்டத்தின் 3-ஏ பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று பொதுத்துறை நிறுவனங்களில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இங்கே இருக்கும் யாரும் ஒரு மனு எழுதலாம்.

ஐந்தாவது, சங்கத்திடமே கேட்க வேண்டியது. நிர்வாகக் குழுவில் எத்தனை தலித்துகள், எத்தனை பெண்கள்? பேச்சுவார்த்தை மேசைக்கு யார் போகிறார்கள்? பேரம் பேசுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறன்தான். அதையும் ஒரு சிலர் பக்கத்தில் நின்று பழகுகிறார்கள், மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே கொடி பிடிக்கிறார்கள்.

1943 செப்டம்பரில் டெல்லியில் தொழிற்சங்க ஊழியர்களுக்கு ஒரு படிப்பு முகாம் நடந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்பேத்கர் நிறைவு நாளில் பேசினார். சங்கம் மட்டும் வைத்துக்கொண்டு திருப்திப்படாதீர்கள், ஆட்சியைப் பிடிக்கும் நோக்கம் வேண்டும் என்றார். உலகத்தை மாற்றிய நூல்களைத் தொழிலாளர்கள் படிக்காமல் இருப்பதையும் கண்டித்தார். படிப்பு அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருந்ததே இல்லை.

நீங்கள் படித்த தலைமுறை. புது மெஷின்களின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. வாரத்தில் ஒரு மாலை உங்கள் பகுதிச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அதில் பத்துப் பக்கத்தைத் தமிழாக்கிக் கொடுங்கள். பழைய ஒப்பந்தங்களை வாங்கிப் படியுங்கள், பயிற்சி என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். வரவில்லை என்றால், அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கும்வரை விடாதீர்கள்.